அண்ணன் பேருக்கு நான் கொடுத்த ரத்தம்

என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்த அன்று, அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லும் காகிதம் அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் ஓர் அலுவலகக் கோப்புக்குள் இருந்தது. அது போலிக் காகிதம் இல்லை. அதில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரியானது. ரத்தம் மட்டும் அவனுடையது இல்லை, என்னுடையது.

நாங்கள் இருவரும் நிக்கோபாரில் கட்சால் தீவில் வளர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் இறங்கியவர்கள். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். பத்தாவது முடித்துவிட்டுத் தோட்டத்திலேயே பால் வெட்டப் போனான். நான் எட்டாவதோடு படிப்பை விட்டேன். கொஞ்ச நாள் பால் வெட்டினேன், பிறகு கப்பல் ஏறினேன். எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டியது கிடையாது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடியும் முன் எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவார், பதில் சொன்னவருக்கு அன்றைய வேலை பதியும். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டில் இன்னொருவர் போய் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு, அவருக்கு உரிய மரங்களையும் வெட்டிவிட்டு வருவார். கங்காணிக்கு இது தெரியும். "மரம் என்ன முகத்தப் பாத்தா பால் குடுக்குது" என்பார். அண்ணனுக்காக நான் நின்றிருக்கிறேன், எனக்காக அவன் பலமுறை நின்றிருக்கிறான். இதை ஏமாற்று என்று எங்கள் லயத்து வீடுகளில் யாரும் நினைத்ததில்லை. ஒரே வீட்டு ஆட்கள், யார் போனால் என்ன என்பதுதான் எங்கள் கணக்கு.

சுனாமிக் கடல் வந்த அன்று நான் போர்ட் பிளேர் துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் ஒரு பள்ளிக்கூட முகாமில் அண்ணனைக் கண்டுபிடித்தேன். யாரோ கொடுத்த பெரிய சட்டை போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். அண்ணி இல்லை. எட்டு வயது மகள் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "தண்ணி வந்துச்சு" என்றான். அந்தக் காலையைப் பற்றி அவன் எனக்குச் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான். மீதியெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. அதுவும் ஆளுக்கொரு விதமாக இருந்தது.

இரண்டு வாரம் அவனோடு இருந்தேன். பிறகு கார் நிக்கோபாரில் தகரக் கொட்டகை போடும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், போய்விட்டேன். அங்கிருந்து ஹட் பே, பிறகு ஒரு சரக்குப் பார்ஜில் சமையல். அண்ணன் கட்சாலுக்குத் திரும்ப மறுத்துவிட்டு ரங்கத்தில் ரோடு வேலைக்குத் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். நான்கு வருடம் கழித்து பார்ஜ் வேலை முடிந்ததும் நேராக அவன் அறைக்கு வந்து என் பையை இறக்கினேன்.

அவனைப் பற்றி ரங்கத்தில் எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். குடிப்பதில்லை, பீடி இல்லை, ஒரு நாள் வேலை தவறியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், நான் கண்ணால் பார்த்ததெல்லாம் வேறு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பான். பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளிவிடுவான். மூட்டு வலி, தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொள்வான். நான் சிரிப்புக் கதை சொன்னால் சிரிப்பான், ஆனால் கொஞ்சம் தாமதமாக, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு. வயதாகிறது என்று நினைத்தேன். அவனுக்கு அப்போது நாற்பத்தொன்று.

அடுத்த வருடம் தினக்கூலி ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் வந்தது. டாக்டர் 'ஃபிட்' என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். போய் வந்தவன் ஒரு சீட்டை என் முன்னால் வைத்தான்.

"புது டாக்டரு. மெயின்லேண்ட்லருந்து வந்த பொடியன். கேள்வியா கேட்டுக் கொல்றான்."

"என்ன கேட்டாரு?"

"தூக்கம் வருதா, பசிக்குதா, நெஞ்சு அடைக்குதா, எதுலயாச்சும் ஆச இருக்கா. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி. கடசில ரத்தம் பாத்துட்டு வான்னுட்டான். அது பாக்காம கையெழுத்துப் போட மாட்டானாம்."

"சரி, போயிட்டு வா."

அவன் சீட்டை என் பக்கம் நகர்த்தினான். "தம்பி, எனக்காக நீ போயிட்டு வாறியா? நாலு நாளா மூட்டு வலிக்கு மாத்திர போட்டிருக்கேன். ரத்தத்துல ஏதாச்சும் கோளாறாக் காட்டிருச்சுன்னா லிஸ்ட்லருந்து தூக்கிருவானுங்க. அடுத்த லிஸ்டு எப்ப வருமோ."

நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு பஜாரில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் அறியாதவர். பெயர் கேட்டார், அண்ணன் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார், ஆறு கூட்டிச் சொன்னேன். ஊசி போட்டு எடுத்தபோது, "நரம்பு நல்லா இருக்கு பாய்" என்று இந்தியில் பாராட்டினார். ஒரு சோதனை மட்டும் அங்கே செய்ய முடியாது, பஸ்ஸில் போர்ட் பிளேருக்கு அனுப்பி வாங்க வேண்டும் என்றார். அது என்ன சோதனை என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. அந்த இளம் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஆச்சரியமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்" என்று சொல்லி ஃபிட் எழுதிக் கொடுத்தாராம். அண்ணன் இதைச் சொல்லும்போது என் முதுகில் தட்டினான். "கல்லு மாதிரி ஒடம்புடா உனக்கு." எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

ஏழு மாதம் கழித்து, காலைப் பத்து மணிக்கு, ரோட்டோரம் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் அண்ணன் விழுந்தான். ரங்கத்தில் முதல் மருந்து கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மிடில் ஸ்ட்ரெயிட் நீரிணையில் வண்டியேற்றும் படகு அக்கரையில் நின்றது. அது திரும்பி வரும்வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் அவனைப் பிழைக்க வைத்தார்கள். மறுநாள் இருதய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வயதானவர், தீவுகளிலேயே தலை நரைத்தவர், பேசியது இந்தியில். மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று ரங்கத்திலிருந்து வந்த ஏழு மாதத்துக்கு முந்தைய காகிதம், மற்றது நேற்று எடுத்தது.

"கடல் வந்து தீவையே மாற்றிவிட்டுப் போனது எனக்குத் தெரியும்" என்றார். "ஆளுடைய ரத்த குரூப்பைக்கூட மாற்றுமா என்ன? இதில் ஓ, இதில் பி."

காகிதங்களை என் பக்கம் திருப்பினார்.

"கிஸ்கா கூன் ஹை யே?"

யாருடைய ரத்தம் இது. என்னுடையது என்றேன். அண்ணன் தம்பி, அதனால் போனேன் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய காகிதத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பஸ்ஸில் அனுப்பிய அந்தச் சோதனை. உடம்புக்குள் வீக்கம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுமாம். என் எண் மிகக் குறைவு.

"இன்று அவர் ரத்தத்தில் இதைப் பார்த்துப் பயனில்லை. மாரடைப்பு வந்தபின் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். முன்னால் எப்படி இருந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய ரத்தம் அன்றைக்கு எடுத்திருக்க வேண்டியது. அந்தப் பாட்டிலில்தான் நீ உன்னுடையதை ஊற்றிவிட்டாயே."

பிறகு அண்ணனைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருடமாகத் தூக்கமில்லை, யாரோடு பேசுவான், யாரை இழந்தான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அவர் விளக்கியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் திருநெல்வேலிக்காரர். வெளியே வந்ததும் என்னை நிறுத்தினார்.

"சார் சொன்னது வெளங்குச்சா அண்ணாச்சி?"

"வீக்கம்னாரு. அண்ணனுக்கு எங்கயும் வீங்கல."

"வெளிய இல்ல. அழற்சின்னு சொல்லுவோம். கையில முள்ளு குத்துனா செவந்து வீங்குதுல்லா? ஒடம்பு சண்ட போடுது. முள்ள எடுத்தா வத்திரும். சில பேருக்கு எந்த முள்ளும் இல்லாம உள்ளுக்குள்ள லேசா அது ஓடிக்கிட்டே கெடக்கும். வலிக்காது, தெரியாது. ரத்தக் குழாயத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்கும்."

"அதுக்கும் அவன் தூங்காததுக்கும் என்ன?"

"ஆளு செத்தா எல்லாருக்குந்தான் தூக்கம் போவும், பசி போவும். கொஞ்ச நாளுல திரும்பிரும். சிலவங்களுக்குத் திரும்பாது. அது துக்கம் இல்ல, நோவு. மனச்சோர்வு நோவு. அது உள்ளவங்கள்ல நெறய பேருக்கு இந்த அழற்சியும் கூட இருக்கும். அது இருந்தா மனசு இன்னும் சோரும், மனசு சோந்தா இது இன்னும் ஏறும். ஒண்ணுக்கொண்ணு வெறகு போட்டுக்கிடும். நடுவுல கெடந்து நெஞ்சுதான் வேவும்."

"அப்ப கவலையாலதான் அவனுக்கு இப்படி ஆச்சா?"

"அப்படிச் சொல்லப்படாதுன்னுதான் சாரு சொல்லுதாரு. கொழுப்பு இருக்கு, பிரஷர் இருக்கு. ஒரு ஆளப் பாத்து இதாலதான்னு யாராலயும் கைய நீட்ட முடியாது. ஆனா அன்னைக்கு அந்த நம்பரு கூடுதலாக் காட்டியிருந்தா அந்தப் பய டாக்டரு சும்மா விட்டிருக்க மாட்டாரு. நீரு சொன்னதப் பாத்தா அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். ஒம்ம ரத்தம் போயி அவரு வாய அடச்சிருச்சு."

பால் வெட்டுகிறவனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழமாக இறங்கி மரத்தின் சதையில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அங்கே திரும்ப ஒழுங்காக வெட்ட முடியாது. மேலே அண்ணாந்து பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும். அண்ணனுடைய இலையை மட்டும் நான் ஒரு வருடம் பார்த்திருக்கிறேன்.

அதுவரை என் மனதில் இருந்தது என் தப்பு மட்டும்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, மாத்திரை போட்ட பயத்தில் கேட்டான், நான் யோசிக்காமல் போனேன். இருவரும் மடையர்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவன் கொஞ்சம் தேறியதும் அலுவலகக் காகிதங்களும் துணியும் எடுத்துவர ரங்கத்துக்கு பஸ் ஏறினேன். அவன் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பழைய சீட்டுகள், போர்ட் பிளேரில் முகாமில் இருந்த கடைசி வருடத்தில் எழுதியவை. இரண்டு ரத்தப் பரிசோதனைக் காகிதங்களில் அதே சோதனை. இரண்டிலும் அந்த எண்ணைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு சீட்டில் மாத்திரையின் பெயரும், மனநோய்ப் பிரிவுக்குப் போகச் சொல்லி ஒரு வரியும். மாத்திரை அட்டைகளும் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அவனுக்குத் தெரியும். எனக்கு முன்பே, அந்த இளம் டாக்டருக்கு முன்பே, வருடக்கணக்காகத் தெரியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது காடு முழுக்க அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதில் அவனுக்குப் பதிலாக நின்ற காலைகளில் அவன் எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பான். வயிற்றுப்போக்கு என்றால் வயிற்றுப்போக்கு, சோம்பல் என்றால் சோம்பல். இந்தத் தடவை மட்டும் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறான். நல்ல ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, கேள்வி கேட்காத ஆளாகவும் பார்த்து, என்னை எடுத்திருக்கிறான்.

வார்டில் அவன் சாய்ந்து உட்கார்ந்து பன்ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"கவரப் பாத்தேன்" என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "பொட்டிய எதுக்குத் தொறந்த?"

"லுங்கி எடுக்க."

"லுங்கி கொடியிலயே கெடந்துச்சே."

"அண்ணே."

"சரி, பாத்துட்ட. இப்ப என்னங்கிற?"

"தெரிஞ்சே என்னய அனுப்பிருக்க."

"மனசு ஆஸ்பத்திரிக்குப் போனவன்னு எழுதிட்டான்னா அப்பறம் எல்லாரும் பாகல், பைத்தியம்னுதான் கூப்புடுவாங்க. ரோட்டுல தாரு காய்ச்சுற பயலுக வாய் உனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாத. வேலைக்காகன்னா ஃபிட் வாங்குனதுக்கு அப்பறமாச்சும் மாத்திரயப் பிரிச்சிருப்ப. சாவுறதுக்கா என் ரத்தத்த வாங்குன?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "சாவணும்னு நெனக்கல. யாரும் உள்ள பாக்க வேணாம்னு நெனச்சேன். ரெண்டும் ஒன்னு இல்ல."

"நானுமா?"

"நீ எங்கடா இருந்த?" என்றான். கோபமாகக்கூட இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல. "பதினாலு நாளு இருந்த. அப்பறம் கொட்டகை போடப் போயிட்ட. ஊருக்கெல்லாம் கொட்டகை."

அவன் சொன்னது சரிதான். ஆனால் இதை அவன் நான் வந்த முதல் நாளே கேட்டிருக்கலாம். ஒரு வருடம் என்னோடு ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, என் கதைகளுக்குத் தாமதமாகச் சிரித்துக்கொண்டு, இதை உள்ளே வைத்திருந்தான். பொய் அந்தக் காகிதத்தில் மட்டும் இல்லை, அந்த வருடமே பொய் என்று தோன்றியது.

இருதய டாக்டர் அவனை மாடியில் இருந்த மனநல டாக்டரிடம் அனுப்பினார். நெஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்த மாதிரி என்றார். அந்த டாக்டரம்மா வங்காளிக் குடியேறிகளின் மகள், எங்கள் தீவு இந்தி பேசுகிறவர். முதல் நாள் என்ன கேட்டாலும் அண்ணன், "டீக் ஹை மேடம்" என்றான், எல்லாம் நலம் என்று. தூக்கம்? டீக் ஹை. மனசு? டீக் ஹை.

"டீக் ஹை என்பதுதான் இந்தத் தீவுகளின் தேசிய கீதம்" என்றார் அவர். "எல்லோரும் எனக்கு அதைத்தான் பாடுகிறார்கள். அடுத்த வாரம் வேறு ஏதாவது சொல்லுங்கள்."

அடுத்த வாரமும் அவன் சொல்லவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்குப் பதிலாகப் பாதி பேசினேன். மூன்றாம் முறை போனபோது, கதவருகில் என் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினான்.

"நீ வெளிய இரு."

"ஏன்?"

"இருடா."

நான் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மெல்லிய பலகை. முதலில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. பிறகு அண்ணனுடைய குரல். வார்த்தை பிடிபடவில்லை, இந்தியில் பேசுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. அவன் இந்தி ஒன்றும் நல்ல இந்தி இல்லை, ரோட்டு வேலை இந்தி. கல் கொண்டு வா, வண்டியை நகர்த்து, அவ்வளவுக்குத்தான் போதும். அதை வைத்துக்கொண்டு அவன் பேசிக்கொண்டே இருந்தான். எனக்குப் பின்னால் வந்த இரண்டு நோயாளிகள் பொறுமையிழந்து டீ குடிக்கப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். அப்போதும் குரல் நிற்கவில்லை.

எழுந்து போய்க் கதவில் காதை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நல்ல குணத்தால் இல்லை, எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது. தாய்மொழியில், கூடப்பிறந்தவனுக்கு, இரண்டு வார்த்தை. யாரோ ஒரு அம்மாவுக்கு, கடன் வாங்கிய பாஷையில், ஒரு காலை முழுவதும்.

கதவு திறந்தது. அவன் கண் சிவந்திருந்தது. "பசிக்குது, சாப்புடப் போலாம்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் படியிறங்கினான். நான் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"அதை அவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்."

"எனக்குச் சொல்ல மாட்டான் மேடம்."

"சொல்லாமலும் இருக்கலாம்" என்றார். "அவர் பிழைக்க வேண்டுமா, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இரண்டில் எது முதலில்?"

முதலாவதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தோம். நிரந்தரம் போயிற்று. பெரிய மனதோடு கிடங்குக் காவலுக்குத் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். நெஞ்சுக்கும் மனதுக்கும் இரண்டு வேளை மாத்திரை. முதல் மூன்று மாதம் நான் அவன் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில்கூடப் பார்த்தேன். அவனும் காட்டினான். கோபப்படவில்லை. இரண்டாவது மாதத்தில் அவனுக்குத் தூக்கம் வந்தது. வெயில் ஏறும்வரை குறட்டை விட்டுத் தூங்கினான். நான் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவிடம் பேசிவிட்டு வந்தான். வரும்போது முகம் லேசாக இருக்கும். பஸ்ஸில் யார் வாந்தியெடுத்தார்கள், படகில் யார் சண்டை போட்டார்கள் என்றெல்லாம் என்னிடம் சொல்வான். கேட்டுக்கொள்வேன். மூன்றாவது வருடம் நான் மறுபடி ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த முறை போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன். போ என்றான்.

இன்றைக்கும் அவன் ரங்கத்தில் இருக்கிறான். கடைசியாக டாக்டரிடம் காட்டியபோது நெஞ்சு சீராக இருக்கிறது என்று சொன்னார்களாம். எது போதுமான மருந்தாக இருந்தது, நெஞ்சுக்குக் கொடுத்ததா, மனதுக்குக் கொடுத்ததா, பலகைக் கதவுக்குப் பின்னால் பேசியதா என்று டாக்டர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டியதில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், அது எனக்குப் போதும் என்று இங்கே எழுதிவிட்டால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். கடல் வந்த காலையைப் பற்றி என்னிடம் இன்றும் அந்த இரண்டு வார்த்தைதான். போதவில்லை.